துணிக்கடைப் பையும் 14 இலக்க எண்ணும்



நம் நாட்டில் எந்த மருத்துவமனையின் வெளிநோயாளர் பகுதிக்குச் சென்றாலும் நீங்கள் ஒரு காட்சியைக் காணலாம். கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்த ஒரு பாட்டியம்மாள், டாக்டரின் மேசைமேல் ஒரு துணிக்கடைப் பையைக் கவிழ்ப்பார். மடித்து மடித்து நைந்துபோன மருந்துச் சீட்டுகள், சுருண்டுபோன ஈ.சி.ஜி. தாள், யாருடைய பெயரும் தெரியாதபடி மை அழிந்த இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஒரு எக்ஸ்ரே படம், காலியான மாத்திரை அட்டைகள் என்று எல்லாம் வந்து விழும். டாக்டருக்கு வேண்டிய ஒரே ஒரு தாள் மட்டும் அதில் இருக்காது. "மருமகள்கிட்டதான் கேக்கணும், டாக்டர்" என்பார் பாட்டி.

அதே வரிசையில் சற்றுப் பின்னால் நிற்கும் இளைஞரிடம் பை கிடையாது. அவர் கைப்பேசியைத் தடவி, மூன்று வருடத்து ரிப்போர்ட்டுகளை வரிசையாகக் காட்டிவிடுவார். இந்த இரண்டு பேரில் யாருக்கு நோய் அதிகம், யாருக்கு மாத்திரைகள் அதிகம், யாருடைய பழைய விவரங்கள் டாக்டருக்கு அதிக அவசியம் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. தேவை ஒருவரிடத்தில் இருக்கிறது. வசதி மற்றவரிடத்தில் இருக்கிறது. மின்னணு மருத்துவப் பதிவு என்று இன்று எங்கும் பேசப்படுகிற காரியத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரிசையிலேயே அடங்கியிருக்கிறது.

மின்னணு மருத்துவப் பதிவு என்றால் என்ன? நோயாளியைப் பற்றி டாக்டரும் செவிலியரும் பரிசோதனைக் கூடமும் எழுதிவைக்கும் விவரங்கள் காகிதத்தில் இராமல் கணினியில் இருப்பதுதான். இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் பதிவு மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும். டாக்டர் பார்ப்பார், நோயாளி பார்க்கமாட்டார். இரண்டாவது கட்டத்தில் நோயாளியே தன் வீட்டிலிருந்து தன் பதிவைத் திறந்து பார்க்கலாம், வேறொரு டாக்டருக்குக் காட்டலாம், தவறு இருந்தால் திருத்தும்படி கேட்கலாம். ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் இடையிலான வித்தியாசம் பெரிதாகத் தெரியவருவது இந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

நம் இந்தியாவில் இதற்கென்று ஏற்பட்டது ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி, புதுச்சேரி உட்பட ஆறு யூனியன் பிரதேசங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27-ஆம் தேதி நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இதன்படி ஒவ்வொருவரும் 14 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைப் பெறலாம். இதையே ஆபா எண் என்கிறார்கள். பதிவுகள் எல்லாம் டெல்லியில் ஒரே பெட்டியில் பூட்டி வைக்கப்படுவதில்லை. அந்தந்த மருத்துவமனையிலும் பரிசோதனைக் கூடத்திலுமே இருக்கின்றன. ஆபா எண் அவற்றைக் கோர்க்கும் நூல் போன்றது. ஒரு டாக்டர் உங்கள் பழைய பதிவைப் பார்க்க விரும்பினால், உங்கள் கைப்பேசிக்கு விண்ணப்பம் வரும். எந்தப் பதிவை, எத்தனை நாளைக்குக் காட்டலாம் என்று நீங்கள் அனுமதி தரவேண்டும். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியும். இந்த எண்ணைப் பெறுவது கட்டாயமும் அல்ல. எழுதப்பட்டபடி பார்த்தால் நல்ல ஏற்பாடு என்றே சொல்லவேண்டும். நோயாளியின் பதிவு நோயாளிக்கே உரியது என்ற கொள்கை அதற்குள் இருக்கிறது.

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே 70 கோடிக்கும் அதிகமான ஆபா எண்கள் வழங்கப்பட்டிருந்தன. இந்தத் தொகையைக் கேட்டு நாம் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். 2021-இல் கொரோனா தடுப்பூசிக்காக ஆதார் எண்ணைக் கொடுத்த பலருக்கு அப்போதே ஓர் எண் உருவாக்கப்பட்டு, தடுப்பூசிச் சான்றிதழிலேயே அச்சாகி வந்தது. அது என்ன எண் என்று கேட்டவர் எத்தனை பேர்? இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கும் அப்படி ஓர் எண் இருக்கக்கூடும். எண் இருப்பது வேறு, அதைக் கொண்டு பதிவைத் திறந்து பார்ப்பது வேறு.

திறந்து பார்க்க என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கைப்பேசி வேண்டும், அதுவும் செயலிகள் ஓடக்கூடியதாக. இணைய வசதி வேண்டும். ஆதாரோடு இணைத்த எண் இன்னும் உயிரோடு இருக்கவேண்டும், ஏனென்றால் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். ஆதார் எடுத்த காலத்தில் மூத்த மகனின் எண்ணைக் கொடுத்த தாய்க்கு, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருக்கும்போது ஓ.டி.பி. அங்கேதான் போய்ச் சேரும். சில நிமிடங்களுக்குள் அவர் பார்த்துச் சொல்லாவிட்டால் அதுவும் செல்லாது. (மருத்துவமனைகளிலும் உதவி மையங்களிலும் கைரேகை வைத்து ஆபா எண் எடுக்கும் வழி உண்டு. ஆனால் வீட்டிலிருந்தபடியே பதிவைப் பார்க்க அது உதவாது.)

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் தாங்களே உபயோகிக்கும் கைப்பேசி வைத்திருந்தவர்கள் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது உபயோகித்தவர்கள் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 33 சதவீதம் மட்டுமே. கைப்பேசி வைத்திருந்த பெண்களிலும் குறுஞ்செய்தியை வாசிக்கக்கூடியவர்கள் 71 சதவீதம். அதற்குப் பிறகு நிலைமை முன்னேறியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் 49 வயதோடு நின்றுவிட்ட கணக்கு இது. இரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் மூட்டுவலியும் அதிகமாக உள்ள பாட்டிமார் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

இந்த விஷயத்தில் நமக்குக் கண்முன்னே நடந்த பாடம் ஒன்று உண்டு. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதுக்குட்பட்டோருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, கோவின் இணையதளத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே ஊசி என்று அறிவிக்கப்பட்டது. பதிவு திறந்த ஏப்ரல் 28-ஆம் தேதி ஒரே நாளில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். அப்போது அந்தத் தளம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. பட்டணத்து இளைஞர்கள் கணினிமுன் காத்திருந்து இடம் பிடித்து, காரில் ஏறிக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அந்தக் கிராமத்துக்காரர்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மே 24-இல் அரசு மையங்களில் நேரில் வந்தும் பதிவு செய்யலாம் என்று தளர்த்தப்பட்டது. மே 31-ஆம் தேதி உச்சநீதிமன்றமும், இணையத்தை மட்டுமே நம்பினால் விளிம்பிலுள்ளவர்கள் தடுப்பூசியிலிருந்து விலக்கப்படுவார்கள் என்று சுட்டிக்காட்டியது. ஜூன் மாதத்தில் இந்திய மொழிகள் வந்தன. தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு இருந்த வாரங்களில் முந்திக்கொண்டவர் யார், பிந்தியவர் யார் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

சரி, எல்லோர் கையிலும் கைப்பேசி வந்துவிட்டால் இந்த வேறுபாடு தீர்ந்துவிடுமா? அமெரிக்க அனுபவம் இல்லை என்கிறது. நோயாளிகள் தங்கள் பதிவை இணையத்தில் பார்க்கும் வசதி அங்கே நமக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது, ஆராய்ச்சிகளும் அதிகம். வடக்குக் கலிபோர்னியாவில் ஒரே காப்பீட்டு அமைப்பில், ஒரே வகையான மருத்துவ வசதி பெற்றுவந்த ஏறக்குறைய 14,000 சர்க்கரை நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2011-இல் வெளியானது. வெள்ளையரோடு ஒப்பிட்டால், கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் ஒருமுறைகூடத் தங்கள் பதிவைத் திறந்து பார்க்காமலிருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். கல்லூரிப் பட்டதாரிகளோடு ஒப்பிட்டால் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களுக்கும் அப்படியே. இணைய வசதி இருந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோதும் இந்த இடைவெளி மறையவில்லை! அதுதான் யோசிக்கவைக்கிறது. கருவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை வாசிக்கலாம்.

அப்படியானால் குறை எங்கே? 2017-ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்து 2018 இறுதியில் வெளிவந்த இன்னொரு ஆய்வு இதற்குக் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. முந்தைய 12 மாதங்களில் டாக்டரிடம் சென்றுவந்த காப்பீடுள்ள அமெரிக்கர்களிலேயே 63 சதவீதம் பேர் இந்த வசதியை உபயோகிக்கவில்லை. காரணங்களைத் தேடியபோது, ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இருந்தவர்களிடமும் படிப்புக் குறைந்தவர்களிடமும் "உங்கள் பதிவை நீங்களே பார்க்கலாம்" என்று மருத்துவமனை ஊழியர்கள் சொன்னதே குறைவு என்று தெரிந்தது. இவர் எங்கே கணினியைத் தொடப்போகிறார் என்று கவுண்டரில் இருப்பவர் மனதுக்குள் தீர்மானித்துவிடுகிறார். தீயநோக்கம் ஒன்றுமில்லை, வரிசை நீளமாக இருக்கிறது, நேரம் இல்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். இது நம் ஊர் மருத்துவமனைகளிலும், நல்லெண்ணத்தோடு நடக்கும் மருத்துவமனைகளிலும், அன்றாடம் நடக்கிற காரியம்.

இன்னொரு செய்தி இதைவிட வியப்பானது. 2010-இல் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய மூன்று இடங்களில், டாக்டர்கள் எழுதும் குறிப்புகளை நோயாளிகளே வாசிக்கும்படி திறந்துவிட்டார்கள். முதல் இரண்டு இடங்களிலும் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குறைந்தது ஒரு குறிப்பையாவது திறந்து பார்த்தார்கள். சியாட்டிலில் அந்த மருத்துவமனை ஏழைகளும் வீடற்றோரும் வரும் பொது மருத்துவமனை. அங்கே பார்த்தவர்கள் 47 சதவீதம். ஆனால் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2017-இல், குறிப்புகளை வாசித்த நோயாளிகளிடம் பெரிய அளவில் கருத்துக் கேட்டபோது, அதனால் மிகுந்த நன்மை அடைந்தோம் என்று அதிகமாகச் சொன்னவர்கள் யார் தெரியுமா? படிப்புக் குறைந்தவர்கள், வயதானவர்கள், வெள்ளையர் அல்லாதவர்கள், வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்கள். டாக்டர் பேசும்போது பாதி புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தவர்களுக்கு, வீட்டில் ஆற அமர வாசிக்க ஒரு தாள் கிடைத்தது. அதிகப் பயன் பெறுகிறவர்களே குறைவாகத் திறக்கிறார்கள் என்பதுதான் இதிலுள்ள வருத்தம்.

இதை ஐம்பது ஆண்டுகளுக்கும் முன்னரே ஒருவர் வேறு வகையில் சொல்லிவிட்டார். தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழும் கிளின்காரக் என்னும் சிற்றூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையில், நல்ல மருத்துவம் எவருக்கு மிகவும் தேவையோ அவருக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பதை ஒரு விதியாகவே வகுத்தார். கணினி வந்ததால் அந்த விதி மாறிவிடவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். நம் மருத்துவமனைகளில் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. காகிதமானாலும் கைப்பேசித் திரையானாலும் அது மாறுவதில்லை. செயலியின் பொத்தான்கள் தமிழில் இருந்து என்ன பிரயோஜனம்? பொத்தானை அழுத்தினால் திறப்பது ஆங்கிலம், அதுவும் டாக்டர்களுக்கு மட்டுமே விளங்கும் சுருக்கெழுத்து ஆங்கிலம். படித்த ஆசிரியரே தடுமாறுகிற இடத்தில் கூலிவேலை செய்யும் தாய் என்ன செய்வார்?

வாசிக்க முடியாதவர், தன்னைப்பற்றி எழுதியதில் உள்ள தவறையும் கண்டுபிடிக்க முடியாது. சிகாகோவில் 18,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். "ஒத்துழைக்காதவர்", "மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்" என்ற வகையான சொற்கள் கறுப்பின நோயாளிகளின் பதிவில் இடம்பெறும் வாய்ப்பு, வெள்ளையரைவிட இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. நம் நாட்டில் எழுதப்படுவதை இப்படி எண்ணிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று சொல்லத் துணியவில்லை. ஆனால் "மருந்து சாப்பிடவில்லை" என்று எழுதுகிற பேனா, "மருந்து வாங்கப் பணமில்லை" என்று எழுதுவது அரிது. காகிதச் சீட்டிலிருந்த அந்த வார்த்தை அந்த மருத்துவமனையோடு போய்விடும். மின்னணுப் பதிவில் அது அடுத்த டாக்டரிடமும் அதற்கடுத்த டாக்டரிடமும் நோயாளிக்கு முன்பே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரகசியம் மற்றொரு பிரச்சினை. ஒரு வீட்டுக்கு ஒரே கைப்பேசி என்றால் அது பெரும்பாலும் ஆணின் கையில் இருக்கும். மனைவிக்குக் காசநோயோ, மனநோய்க்கான சிகிச்சையோ, கருத்தடை ஆலோசனையோ இருந்தால், அந்தச் செய்தி முதலில் போய்ச் சேருவது யாரிடம்? எச்.ஐ.வி. உள்ளவர்களின் விவரங்களை வெளியிடக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லுகிறது. சட்டம் மருத்துவமனையைக் கட்டுப்படுத்தும். சமையலறைச் சன்னலில் சார்ஜ் போட்டு வைத்திருக்கும் கைப்பேசியைக் கட்டுப்படுத்தாது. ஆகவே பதிவைப் பார்க்க விரும்பாத பெண்கள் எல்லோரும் அறியாமையால் ஒதுங்குகிறார்கள் என்று நினைக்கலாகாது. சிலர் நன்றாக யோசித்தே ஒதுங்குகிறார்கள்.

இந்த இடத்தில், உங்களில் பலருக்குப் பழக்கமான ஒரு அட்டையின் சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறேன். 1950-களில் நைஜீரியாவுக்குச் சென்ற டாக்டர் டேவிட் மார்லி, இலேஷா என்னும் ஊரிலிருந்த மெதடிஸ்டு மிஷன் மருத்துவமனையிலிருந்து இமேசி-இலே என்ற கிராமத்தின் குழந்தைகளைக் கவனித்துவந்தார். குழந்தையின் எடையை மாதந்தோறும் புள்ளி வைத்துக் கோடாக வரையும் அட்டை ஒன்றை அவர் உருவாக்கினார். கோடு மேலே ஏறினால் குழந்தை தேறுகிறது, படுத்துவிட்டால் ஆபத்து. எழுத்து தெரியாத தாயும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளலாம். இதற்குமேல் அவர் செய்த துணிச்சலான காரியம், அந்த அட்டையை மருத்துவமனையில் அடுக்கி வைக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாயின் கையிலேயே கொடுத்தது. படிக்காத பெண்கள் தொலைத்துவிடுவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் தாய்மார் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். இன்று உலகெங்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் வளர்ச்சி அட்டைகள் அந்த வழியில் வந்தவையே.

மார்லி அட்டையைக் கொடுப்பதற்கு முன் தாய்க்குப் படிப்பு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தாய்க்குப் புரிகிறபடி அட்டையை மாற்றினார். இன்றைய செயலிகளைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையிலிருந்து தொடங்குகிறார்கள். படம், நிறம், ஒலி இவற்றைக்கொண்டு எழுத்தறியாதவருக்கும் சர்க்கரை அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுவது கணினிக்கு ஒரு பெரிய காரியமே அல்ல. யாராவது வேண்டும் என்று கேட்டால்தானே செய்வார்கள்!

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கைப்பேசி இல்லாதவருக்கும் மின்னணுப் பதிவால் நன்மை உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் பரிசோதித்து மாத்திரை கொடுக்கிறார்கள். யாருக்கு எப்போது மருந்து தீரும் என்பதைப் பதிவுதான் சொல்லுகிறது. நோயாளிக்கும் பதிவுக்கும் நடுவே ஒரு மனிதர் நிற்கிறார். தெரிந்த முகம், தமிழில் பேசுகிற வாய். மேல்நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது: பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை திறந்து காட்டுவதற்கு ஆள் இருந்த இடங்களில்தான் இடைவெளி குறைந்திருக்கிறது. இந்த வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மருத்துவமனை வராந்தாவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, பொறுமையுள்ள ஒரு வாலிபர் போதும்.

2022 அக்டோபர் முதல் பல மருத்துவமனைகளில் கியூ.ஆர். கோடு வைத்திருக்கிறார்கள். கைப்பேசியால் அதைப் படம் பிடித்தால் வரிசையில் நிற்காமல் டோக்கன் கிடைத்துவிடும். நல்லதுதான். ஆனால் அதைக் காரணங்காட்டிச் சீட்டுப் போடும் கவுண்டர்களைக் குறைத்துவிட்டால், கைப்பேசி இல்லாதவரின் வரிசை முன்னைவிட நீளமாகிவிடும். உங்களுக்கு அறிமுகமான மருத்துவமனையில் இந்த ஏற்பாடு வந்திருந்தால், பழைய கவுண்டரில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் வீட்டிலும் சபையிலும் உள்ள முதியவர்களுக்கு இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. அவர்களுடைய ஆதாரில் எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். செத்துப்போன எண்ணாக இருந்தால் ஆதார் மையத்தில் மாற்றிக்கொடுங்கள். நோயாளி தன் பதிவின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்லுகின்றன. இதற்கு ஆபா எண்ணோ செயலியோ தேவையில்லை, எழுத்தில் கேட்டால் போதும். உள்நோயாளிகளின் பதிவை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்பதும் அதே விதி. டிஸ்சார்ஜ் ஆகிற நாளில், "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் நாலு வரி எழுதிக்கொடுங்கள்" என்று செவிலியரிடம் கேட்கத் தயங்கவேண்டாம்: என்ன நோய், என்ன மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மறுபடி எப்போது வரவேண்டும்.

பாட்டியம்மாளின் துணிக்கடைப் பையை மட்டும் யாரும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அந்த நாலு வரித் தாள், காலி மாத்திரை அட்டைகளுக்கு மேலே, முதலில் கைக்கு அகப்படும்படி அதிலேயே இருக்கட்டும்.